கடை இங்கே இல்லை

கோவிந்தனின் ஆக்சிஜன் சிலிண்டர் கடையை மேப்பில் திறந்து பார்த்தால் ஒற்றை நட்சத்திரத்தோடு ஒரு விமர்சனம் கிடக்கும். ‘கடை இங்கே இல்லை. நம்பி வராதீங்க.’ அவ்வளவுதான். எழுதியவர் பெயர் சுமதி.

நம் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ரம்யா அதைக் கண்டுபிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். “மேடம், இது தப்பான தகவல். கடை இண்டூர்லதான் இருக்குது, நானே நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தேன். ரிப்போர்ட் பண்ணா எடுத்துடுவாங்க. அவரு ரேட்டிங்கும் ஏறும்” என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்றேன். அந்த அப்புறம் இரண்டு வருடமாகியும் வரவில்லை. அவளும் விடவில்லை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மறந்தவளைப் போல முகத்தை வைத்துக்கொண்டு மறுபடி கேட்பாள்.

போன மாதத்தோடு நான் வேலையிலிருந்து விலகிவிட்டேன். புதிதாக வருகிறவர்களுக்கு உதவும், உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று எல்லோரும் கேட்டீர்கள். சின்னக் கடையைத் தேடலில் முதலில் வரவைப்பது எப்படி என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அது மாறியும் தொலைக்கிறது. அந்த விமர்சனம் எப்படி வந்தது என்பதை எழுதுகிறேன். என் வேலையைப் பற்றி நான் சொல்லவேண்டியது அது ஒன்றுதான்.

நம் அலுவலகத்தில் ஒரு சட்டம் உண்டு. கடை வாசலில் போய் நிற்காமல் யாரும் மேப்பில் புள்ளி வைக்கக் கூடாது. வத்தல்மலையில் தேன் விற்கிறவருக்காக அத்தனை வளைவு ஏறிப் போய் வாந்தி எடுத்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். பாலக்கோட்டில் தக்காளிக் கூடை விற்கிற கடைக்காக டிராக்டர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு அரை நாளைத் தொலைத்தவர்களும் உண்டு. “வூட்ல உக்காந்தே வைக்கலாமே மேடம், இதுக்கு எதுக்கு பஸ் ஏறணும்?” என்று முணுமுணுத்தது என் காதில் விழாமல் இல்லை. வீட்டில் உட்கார்ந்தே வைக்கலாம். நானும் அப்படித்தான் வைத்தேன்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சின்ன பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவள் நான். விண்ணப்பம் அடித்துக் கொடுப்பது, தேர்வு முடிவு பார்த்துச் சொல்வது என்று ஓடிக்கொண்டிருந்தது. எல்லோர் கையிலும் போன் வந்தபின் என் கடைக்கு ஆள் வருவது நின்றது. அப்போதுதான் மற்றவர்களின் கடைக்கு ஆள் வரவைக்கும் இந்த வேலைக்கு வந்தேன். என் கடையைக் காப்பாற்ற முடியாதவள் ஊர்க் கடைகளைக் காப்பாற்றக் கிளம்பினேன் என்று என் தம்பி கேலி செய்வான். ஆனால் வேலை பிடித்துவிட்டது. பலகைகூட இல்லாத தையல் கடைக்கு யாரோ போன் செய்து வழி கேட்டார்கள் என்று அந்தப் பெண் வந்து சொல்லும்போது ஒரு கர்வம் வரும். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

கோவிந்தன் அந்த நாட்களில் வந்தவர். இண்டூரில் வீட்டின் முன் அறையில் சிலிண்டர்களை வைத்து வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தார். கேட்டவர்களின் வீட்டுக்குத் தன் மினி லாரியிலேயே கொண்டுபோய்ப் பொருத்திவிட்டு வருவார். நேர்மையான மனிதர், சிலிண்டரில் காற்று குறைவாக இருந்தால் அவரே சொல்லிவிடுவார். ஆனால் கூப்பிடத்தான் ஆள் இல்லை. மூன்று மாதமாக அவர் மனைவி செல்வி பூ பறிக்கும் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“மேடம், டவுன்ல யார் தேடுனாலும் ஆஸ்பத்திரி ரோட்டுக் கடைதாங்க காட்டுது. நம்ம கடை கீழ எங்கியோ கிடக்குது” என்றார்.

காரணம் எனக்குத் தெரியும். தேடுகிறவருக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அதுதான் முதலில் வரும். சிலிண்டர் தேடுகிறவர்கள் பெரும்பாலும் தருமபுரி டவுனில் இருந்தார்கள், கடை இண்டூரில் இருந்தது. இதற்கு அன்றைக்கு எங்கள் தொழிலில் எல்லோரும் செய்த ஒரு வேலை இருந்தது. புள்ளியைத் தூக்கி டவுனுக்குள் வைத்துவிடுவது. நகைக்கடைக்காரர் செய்தார், பந்தல்காரர் செய்தார். யாரும் அதைத் தப்பு என்று சொல்லிக் கேட்டதில்லை. கோவிந்தனின் கடைப் புள்ளியை நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் தூக்கி, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையும் டீக்கடையும் இருக்கிற மூலையில் வைத்தேன்.

அவர் திரையைப் பார்த்துத் திகைத்தார். “அங்க நமக்குக் கடையே இல்லீங்களே மேடம்?”

“போன் பண்ணித்தானே வரச் சொல்றாங்க? நீங்கதானே வண்டியில கொண்டுபோறீங்க? யாரு நேர்ல வந்து பாக்கப் போறாங்க?” என்றேன்.

நல்ல பதில்தான். எனக்கே அது உண்மை போலப் பட்டது. வண்டி ஓட்டும்போது அவரால் போன் எடுக்க முடியாதென்று என் எண்ணை இரண்டாவது எண்ணாகப் போட்டேன். பத்து நாளில் அழைப்புகள் வரத் தொடங்கின. செல்வி கூலி வேலையை விட்டார். கோவிந்தன் ஒரு பை நிறைய மாங்காய் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். நான் நல்லது செய்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

ஒரு மின்தடை நாள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது என்று எந்தெந்தப் பகுதிகளுக்கு அறிவிப்பார்களோ, அந்தப் பட்டியலில் என் தெரு இல்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பதினோரு மணி இருக்கும். போன் வந்தது.

“ஏங்க, சிலிண்டர் கடைதானுங்களே? நான் கடைகிட்டதான் நிக்கறேங்க. மேப்புல இங்கதான் காட்டுது. ஜவுளிக்கடை இருக்குது, டீக்கடை இருக்குது. உங்க கடை எந்தப் பக்கமுங்க? இன்னொரு நம்பர் போகவே மாட்டேங்குதுங்க.”

கோவிந்தன் அன்று வத்தல்மலைக்கு சிலிண்டர் கொண்டுபோயிருந்தார். மலைப்பாதையில் சிக்னல் கிடைக்காது.

“யாருக்கும்மா சிலிண்டர்?” என்றேன்.

“எங்க நைனாவுக்குங்க. கல் உடைக்கற வேலைக்குப் போயி நுரையீரல் கெட்டுப்போச்சு. வூட்ல மூச்சுக்கு மெஷின் வெச்சிருக்கறோம், காலைல இருந்து கரண்ட் இல்ல. சின்ன சிலிண்டர் ஒண்ணு போட்டுட்டு வந்தேன். முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சுங்க. சீக்கிரம் சொல்லுங்க.”

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைக் கவனிக்க வேண்டும். அவள் பேசி முடிப்பதற்குள் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. யாரும் நேரில் வரமாட்டார்கள் என்று நான் சொன்ன இடத்தில் ஒருத்தி வந்து நிற்கிறாள். ‘தப்பு என்னுடையது, கடை அங்கே இல்லை’ என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்? என் வாயிலிருந்து வந்தது வேறு.

“கடைய மாத்திட்டாங்கம்மா. இப்ப இண்டூர்ல இருக்குது.”

“இண்டூருங்களா? அவ்ளோ தூரமா?”

“அரை மணி நேரத்துல போயிடலாம்மா. போயி செல்வின்னு கேளு.”

“சரிங்க” என்றாள். மொபெட் கிளம்புகிற சத்தம் கேட்டது. போனை வைத்தேன். ஒரு வாக்குவாதம்கூடச் செய்யாத அந்தச் ‘சரிங்க’தான் இன்றுவரை என் காதில் கேட்கிறது.

வைத்தபிறகுதான் என் மூளை வேலை செய்தது. அவள் நின்ற இடத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், ஆஸ்பத்திரி ரோட்டில், நிஜமான சிலிண்டர் கடை இருந்தது. கோவிந்தனை மேலே ஏற்றுவதற்காக நான் கீழே தள்ளிய அதே கடை. எதை எவ்வளவு தூரத்தில் முந்த வேண்டும் என்று அளந்து பார்த்தவள் நான். அந்தக் கடை இருப்பது எனக்குத் தெரியாது என்று யாரிடமும் சொல்ல முடியாது. என் புள்ளி அங்கே இல்லாதிருந்தால் அவள் போனில் முதலில் அந்தக் கடைதான் வந்திருக்கும். அவள் இந்நேரம் சிலிண்டரோடு வீட்டுக்குப் போயிருப்பாள்.

திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மொபெட் ஓட்டுகிறவள் எப்படி எடுப்பாள்? நான்கு முறை கூப்பிட்டேன். பிறகு ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள், “நோயாளி எந்த இடத்துல இருக்காருங்க? அட்ரஸ் சொல்லுங்க.”

எனக்குத் தெரியவில்லை. மாவட்டம் முழுவதும் கடைகளுக்கு முகவரி வைத்துத் தருகிற நான், அவள் வீடு எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பொய்யைக் காப்பாற்றுகிற அவசரத்தில் அவள் அப்பாவை நான் நினைக்கவே இல்லை.

அழுகை வந்தது. அழுவதற்கு நேரமில்லை என்பதும் தெரிந்தது. மின்தடைப் பட்டியலை எடுத்தேன். ஏழு பகுதிகள் இருந்தன. அவளுக்கு என் பொய்ப் புள்ளி முதலில் வந்திருக்கிறது, அப்படியானால் வீடு அதற்குப் பக்கத்தில்தான். ஏழில் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு பகுதி, பழைய அரிசி மில்லுக்குப் பின்னால் இருக்கிற தெருக்கள். ஆம்புலன்சுக்கு மில்லின் பெயரைச் சொன்னேன். ஆஸ்பத்திரி ரோட்டுக் கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, “கிளம்பறேன், நீங்க வூட்டக் கண்டுபிடிங்க” என்றார். செல்வியைக் கூப்பிட்டு, அந்தப் பெண் வந்ததும் உடனே வீட்டுக்குத் திருப்பி அனுப்பச் சொன்னேன். ஸ்கூட்டியை எடுத்தேன்.

மில் வாசலில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவரிடம், “மெஷின் வெச்சு மூச்சு விடறவரு வூடு எதுங்க?” என்று கேட்டேன். அவர் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் கையைக் காட்டினார். “மூணாவது சந்து, பச்சை கேட்டு.”

பச்சை கேட்டுக்குள் கட்டிலில் ஒரு பெரியவர் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவி முறத்தால் விசிறிக்கொண்டிருந்தார். சிலிண்டரின் முள் கீழே படுத்துவிட்டது. பெரியவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் இருந்த வாசலைப் பார்த்தார்.

“பாப்பா வந்துட்டாளா?” என்றார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மூச்சு.

“வந்துட்டு இருக்காங்கய்யா” என்றேன்.

ஆஸ்பத்திரி ரோட்டுக் கடைக்காரர் ஆட்டோவில் சிலிண்டரோடு வந்தார், சில நிமிடங்களில் பொருத்திவிட்டார். பெரியவரின் உதடு கொஞ்சம் நிறம் மாறியது போலிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. நானும் கூடப் போனேன். ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. வழியெல்லாம் அவர் கண் ஆம்புலன்சின் பின்கதவில் இருந்தது.

மகள் சுமதி வந்தபோது அவரை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். அவள் தலைமுடியெல்லாம் ரோட்டுப் புழுதி. யாரையும் எதையும் கேட்காமல் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். அவள் அம்மா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “எங்கிருந்தோ ஓடி வந்தீங்களேம்மா, நீங்க நல்லா இருக்கணும்” என்று அழுதார். நான் கையை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன். இவ்வளவு வயதில் நான் செய்த கேவலமான காரியம் எது என்று கேட்டால், புள்ளியை மாற்றியதை இரண்டாவதாகத்தான் சொல்வேன்.

கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். “சொல்ல முடியாதுங்க, ஏற்கனவே ரொம்ப முடியாமத்தான் இருந்திருக்காரு” என்றார். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு பல நாள் தூங்க முயன்றேன். அவர் பிழைத்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் மகள் பக்கத்தில் இருந்திருப்பாள். அது தெரியும்.

அன்று மாலையே கோவிந்தன் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. “மாத்திடுங்க மேடம்” என்றார். புள்ளியை இண்டூருக்குக் கொண்டுபோனேன். அழைப்புகள் நின்றன. செல்வி மறுபடி பூ பறிக்கப் போனார். பிறகு நாங்கள் நேர்வழியில் செய்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும்: எந்தெந்த ஊர்களுக்குக் கொண்டுவந்து தருவார் என்று வெளிப்படையாகப் போட்டோம், கடையின் உண்மையான படத்தைப் போட்டோம், பழைய வாடிக்கையாளர்களைத் தங்கள் வாயால் எழுதச் சொன்னோம். கடை எழுந்திருக்க ஒன்றரை வருடம் ஆனது. டவுனில் இன்றைக்கும் ஆஸ்பத்திரி ரோட்டுக் கடைதான் முதலில் வருகிறது. வரட்டும். அது அங்கே இருக்கிறது.

பெரியவர் இறந்த மூன்றாவது வாரம் சுமதியின் விமர்சனம் வந்தது. அப்போது புள்ளியை மாற்றிவிட்டிருந்ததால், படிக்கிறவர்களுக்கு அது அர்த்தமில்லாமல் தெரிந்தது. ரம்யாவுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது. விதிப்படி அது எடுக்கப்பட வேண்டியதுதான். ஆனால் அது பொய்யில்லை. அவள் நின்ற இடத்தில் கடை இல்லை. என் பதிவுகளில் இருந்த ஆயிரம் வரிகளில் உண்மையாக இருந்தது அந்த ஒன்றுதான் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. அதை எடுக்காமல் விட்டதை நான் ஏதோ நேர்மை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது சொல்கிறேன், அது நேர்மை இல்லை. அதன் கீழே பதில் எழுத ஓர் இடம் இருக்கிறது. அத்தனை வருடமும் அதைக் காலியாகத்தான் வைத்திருந்தேன்.

போன வாரம் உங்களுக்காக இதை எழுத உட்கார்ந்தேன். நான்கு வரி எழுதியதும் கை நின்றுவிட்டது. அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்ல எனக்கு என்ன உரிமை? கோவிந்தனைக் கூப்பிட்டு, இப்படிப் பதில் போடப் போகிறேன், உங்கள் கடைக்குக் கெட்ட பெயர் வரலாம் என்றேன்.

“வியாபாரம் போனாலும் பரவால்லைன்னு சொல்ல மாட்டேன் மேடம். பொண்ணு காலேஜ் படிக்குது. ஆனா போடுங்க” என்றார்.

போட்டேன். ‘சுமதி, நீங்கள் எழுதியது சரி. நீங்கள் வந்து நின்ற இடத்தில் கடை இல்லை, என்றுமே இருந்ததில்லை. கடையை மாற்றிவிட்டார்கள் என்று போனில் சொன்னது பொய். புள்ளியை அங்கே வைத்தது கடைக்காரர் இல்லை, நான்தான்.’ கீழே என் பெயரையும், அன்று அவள் வீட்டுக்கு ஓடி வந்தவள் நான்தான் என்பதையும் எழுதினேன். பதில் போட்டால் விமர்சனம் எழுதியவருக்குத் தகவல் போகும். என் எண் அவளிடம் இருக்கிறதா என்று தெரியாது. போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

மறுநாள் மதியம் அழைப்பு வந்தது.

“மேடம், சுமதி பேசறேங்க. அன்னிக்கு நான் இண்டூருக்குப் போயிருக்கவே வேணாமுங்களா?”

“வேணாம்மா.”

“பக்கத்துல வேற கடை இருந்துச்சுங்களா?”

“இருந்துச்சும்மா. நடந்தா அஞ்சு நிமிஷம்.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நான்தான் ஊரெல்லாம் சுத்திட்டு லேட்டா வந்தேன்னு எங்கம்மா இன்னிக்கு வரைக்கும் சொல்லிட்டு இருக்காங்க” என்றாள். “வேத்து மனுஷி அந்த மேடம் ஓடி வந்தாங்க, பெத்த பொண்ணு வரலைன்னு. நல்ல நாள் பெரிய நாள்ல எல்லாம் சொல்லுவாங்க. நானும் அப்பிடித்தான்னு நெனச்சிட்டு இருந்தேங்க.”

அவள் அப்பாவிடமிருந்து அவளைச் சில மணி நேரம் பிரித்தேன் என்று நினைத்திருந்தேன். அம்மாவிடமிருந்து இத்தனை வருடமாகப் பிரித்து வைத்திருக்கிறேன்.

“இருங்க” என்றாள். “போன அம்மாகிட்ட தரேன். என்கிட்ட சொன்னத அப்பிடியே சொல்லுங்க.”

காலடிச் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல். “யாரு, அந்த மேடமா? நல்லா இருக்கீங்களாம்மா? உங்கள நெனைக்காத நாளில்லீங்க.”

சொன்னேன். கோவிந்தன் திரையைப் பார்த்துத் திகைத்து நின்றதிலிருந்து ஆரம்பித்து, எதையும் விடாமல் சொன்னேன். முடித்ததும் போனை எங்கோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அழைப்பைத் துண்டிக்க அவருக்குத் தெரியவில்லை போலும்.

கொஞ்ச தூரத்திலிருந்து அந்தக் குரல் மறுபடி கேட்டது. இந்த முறை என்னிடம் இல்லை.

“சுமதி... எங்க இருக்கற? இங்க வா கண்ணு.”